பெஸ்ட்டு எது? வேஸ்ட்டு எது? வாசுதேவநல்லூரில் ஒரு பாட்டுப் பஞ்சாயத்து!

எந்த காலேஜ் ஹாஸ்டலா இருந்தாலும் சரி, ராத்திரி பத்து மணிக்கு மேல ரெண்டே ரெண்டு சண்டைதான். ஒண்ணு, மெஸ் சாம்பார். இன்னொண்ணு, பாட்டு!

"ராஜா சார் காலம் மாதிரி வருமாடா?"ன்னு ஃபைனல் இயர் அண்ணன் ஆரம்பிப்பார். "போங்கண்ணே... 'ரோஜா'வுக்கு அப்புறம்தான் பாட்டே பொறந்துச்சு"ம்பான் செகண்ட் இயர். "ரெண்டு பேரும் கொஞ்சம் ஓரமா நில்லுங்க, எங்க அனிருத்..."ன்னு ஃபர்ஸ்ட் இயர் பையன் வாயைத் திறந்த அடுத்த நொடி, தலையணை பறக்கும். இதையெல்லாம் ஒரு மூலையில உக்காந்து பார்த்துக்கிட்டு ஹெட்போனும் தாடியுமா ஒரு ஜீவன் இருக்குமே... அது மெதுவா சொல்லும்: "பிங்க் ஃப்ளாய்டு கேட்டிருக்கீங்களாடா? 1970-களோட இசை முடிஞ்சுபோச்சு. மத்ததெல்லாம் இரைச்சல்!"

கவனிச்சீங்களா? அந்த ஃபர்ஸ்ட் இயர் பையனைத் தவிர மத்த மூணு பேரும், அவங்கவங்க சொல்ற தங்கமான காலத்துல பொறக்கவே இல்ல! 'அன்னக்கிளி' வந்தது 1976-ல. 'ரோஜா' 1992-ல. பொறக்குறதுக்கு முன்னாடி வந்த பாட்டு நல்லா இருந்துச்சுன்னு இவங்களுக்கு யாருப்பா சொன்னது?

இந்தக் கேள்வியை மடியில கட்டிக்கிட்டு நாம பஸ் ஏறுன ஊர், வாசுதேவநல்லூர். ஏன் அந்த ஊர்னு கேக்கறீங்களா? போற வழியிலேயே பதில் இருக்கு. வாங்க.

சண்டைக்குச் சொந்த ஊர்

முதல்ல சங்கரன்கோவில்ல இறங்கணும். 'எது பெஸ்ட்டு'ங்கிற சண்டைக்குன்னே ஒரு கோயில் இருக்குன்னா, அது இங்கதான்.

கதை இதுதான். சங்கன், பதுமன்னு ரெண்டு நாக ராஜாக்கள். சங்கன் சிவனோட ரசிகர் மன்றத் தலைவர். பதுமன் பெருமாள் கட்சி. "எங்க தலைதான் பெருசு", "இல்ல, எங்க தலைதான்"னு ஹாஸ்டல் கணக்கா சண்டை. பஞ்சாயத்து அம்பாள்கிட்ட போச்சு. அம்பாள் தபசு இருந்தாங்க. கடைசியில ஒரு பாதி சிவன், மறு பாதி திருமால்னு ஒரே உருவமா சங்கரநாராயணர் காட்சி கொடுத்தார். கேஸ் டிஸ்மிஸ்! அதுதான் இன்னைக்கும் ஆடி மாசத்துல ஊரே நிரம்பி வழியுற ஆடித்தபசுத் திருவிழா.

இதுல இன்னொரு விசேஷம். இங்கிருந்து மேற்கே போனா வர்ற வாசுதேவநல்லூர்லயும் சாமி பாதிப் பாதிதான். சிந்தாமணிநாதர் கோயில்ல மூலவர் அர்த்தநாரீஸ்வரர். பாதி சிவன், பாதி சக்தி. அர்த்தநாரீஸ்வரர்னாலே பிருங்கி முனிவர் கதை ஞாபகத்துக்கு வரும். சிவனை மட்டும்தான் சுத்துவேன், பக்கத்துல இருக்குற அம்பாளைச் சுத்த மாட்டேன்னு அடம்பிடிச்ச ஆள். ரெண்டு பேரும் ஒட்டி உக்காந்தா வண்டா மாறி நடுவுல துளைச்சுக்கிட்டு போனாராம். கடைசியில உடம்புல இருந்த சக்தியெல்லாம் போய் நிக்கக்கூட முடியாம, மூணாவது கால் வாங்கிக்கிட்டு நின்னாராம்.

"ராஜா மட்டும்தான்", "ராக் மட்டும்தான்"னு வண்டா மாறித் துளைக்கிற பிருங்கிகள் எல்லா ஹாஸ்டல்லயும் உண்டு. அவங்களை ஒரு தடவை இந்த ரூட் பஸ்ல ஏத்தி விடணும்!

ஜன்னல் சீட்டு, மலை, பாட்டு

சங்கரன்கோவில்ல இருந்து புளியங்குடி வழியா வந்தா, கரிசல் காடு கொஞ்சம் கொஞ்சமா நிறம் மாறுறதை ஜன்னல் வழியாவே பார்க்கலாம். புளியங்குடின்னா எலுமிச்சை. அங்கிருந்து வடக்கே திரும்பி கொல்லம் - மதுரை நெடுஞ்சாலையைப் பிடிச்சா, இடது கைப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே நடந்து வரும். நடுவுல தென்னை, வாழை, நெல்லு, கரும்பு. மலையில மழை பெய்ஞ்சா வாசுதேவநல்லூர் தலையணைப் பக்கம் தண்ணி வரும். (ஹாஸ்டல்ல பறக்குற தலையணை இல்லீங்க, இது ஆத்துத் தண்ணியைத் தடுக்குற அணை!) வனத்துறை அனுமதிக்கிற நாளா பார்த்துப் போனா ஒரு குளியலும் உண்டு.

பல வருஷமா திருநெல்வேலி மாவட்டத்துல இருந்த இந்த ஊர், 2019-ல தென்காசி மாவட்டம் உருவானப்போ அந்தப் பக்கம் வந்துருச்சு. இதே மலையோட அடிவாரத்தைப் பிடிச்சுக்கிட்டு வடக்கே போய்க்கிட்டே இருந்தா தேனி மாவட்டம் பண்ணைப்புரம் வரும். இளையராஜாவோட ஊர். நம்ம பஸ்ல ஓடுன பென் டிரைவ்லயும் பாதிக்கு மேல அவர்தான். நடுவுல ரெண்டு ரஹ்மான், ஒரு தேவா, புதுப்படப் பாட்டு ஒண்ணு. யாரும் சண்டை போடல. பின் சீட்டுல ஒரு ஆச்சி தூங்கிக்கிட்டே தாளம் போட்டாங்க!

வராத ஆல்பம்

வாசுதேவநல்லூருக்கு ஒரு வரலாறு இருக்கு. பக்கத்து நெற்கட்டும்செவலை ஆண்ட பூலித்தேவருக்கு இங்க ஒரு மண்கோட்டை இருந்துச்சு. 18-ஆம் நூற்றாண்டுல கம்பெனிப் படையை எதிர்த்து நின்ன கோட்டை அது. அந்தப் படையை நடத்திக்கிட்டு வந்த தளபதி யூசுப்கான். சினிமாக்காரங்களுக்குத் தெரிஞ்ச பேரு, மருதநாயகம்!

ஆமா பாஸ், அதே 'மருதநாயகம்'தான். 1997-ல இங்கிலாந்து ராணி எலிசபெத் வந்து நிக்க, கமல்ஹாசன் பூஜை போட்ட படம். இசை இளையராஜா. படம் முடியவே இல்ல. ஆனா இன்னைக்கும் ராஜா ரசிகர்கள்கிட்ட கேட்டுப்பாருங்க, "அது மட்டும் முழுசா வந்திருந்தா..."ன்னு ஒரு பெருமூச்சு வரும்.

அமெரிக்காவுல பீச் பாய்ஸ்னு ஒரு குரூப்புக்கும் இப்படி ஒரு பெருமூச்சு இருந்துச்சு. 'ஸ்மைல்'னு ஒரு ஆல்பம். 1967-ல கைவிட்டுட்டாங்க. அந்தப் பழைய பதிவுகளைத் தேடித் தொகுத்து வெளியிட்டது 2011-ல! கேக்காத பாட்டுக்கு 44 வருஷம் கனவு கண்டுக்கிட்டு இருந்திருக்காங்க. இதுக்கு நேர் எதிர்க் கதை கன்ஸ் அண்ட் ரோசஸ். 1993-க்கு அப்புறம் "இதோ வருது, அதோ வருது"ன்னு ஆட்டம் காட்டி, 2008-ல 'சைனீஸ் டெமாக்ரஸி'யை ரிலீஸ் பண்ணாங்க. "இதுக்கா இத்தனை வருஷம்?"னு கேட்டவங்கதான் அதிகம்.

ஆக, வராத ஆல்பத்துக்கு மார்க் போடுறது ஈஸி. நூத்துக்கு நூறு! வந்த ஆல்பத்துக்கு மார்க் போடத்தான் ஒரு ஆள் வேணும். அந்த ஆளைத்தான் நாம வாசுதேவநல்லூர்ல பார்த்தோம்.

அறுபது நிமிஷ நீதிமன்றம்

பஸ் நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல மொபைல் ரீசார்ஜ், சர்வீஸ்னு ஒரு சின்னக் கடை. உள்ளே பின்பக்க அலமாரியில மட்டும் வரிசையா கேசட்டுங்க. விக்கிறதுக்கு இல்ல, ஞாபகத்துக்கு. அண்ணாச்சி ஒருகாலத்துல ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தவர்.

"அண்ணாச்சி, எந்தக் காலத்துப் பாட்டு பெஸ்ட்டு?"ன்னு நேரா கேட்டோம். சிரிச்சுக்கிட்டே ஒரு காலி கேசட்டை எடுத்து மேசையில வச்சார்.

"தம்பி, இது அறுவது நிமிஷக் கேசட்டு. ஏ சைடு முப்பது, பி சைடு முப்பது. ஒரு பாட்டு நாலரை நிமிஷம்னு வையுங்க. ஒரு பக்கத்துக்கு ஆறு. மொத்தம் பன்னெண்டு. மிஞ்சிப்போனா பதிமூணு. அதுக்கு மேல இடம் கெடையாது, பாத்துக்கிடுங்க."

"சரிங்க அண்ணாச்சி..."

"துண்டுச் சீட்டுல பாட்டு எழுதிக்கிட்டு வருவாவ. ஒரு படத்துல அஞ்சு, ஆறு பாட்டு இருக்கும்லா? சீட்டுல எழுதி வாரது ஒண்ணு. நல்ல படம்னா ரெண்டு. மிச்ச நாலு பாட்டை ஒருத்தரும் கேக்க மாட்டாவ. காசு கொடுத்துப் பதியுறவன் சும்மா இடத்தை நிரப்புவானா? அந்த நாலு பாட்டும் உங்களுக்குத் தெரியாது தம்பி. தெரியாததுனாலதான் அந்தக் காலமே தங்கம்னு நினைக்கீய!"

ஒரு நிமிஷம் நமக்குப் பேச்சு வரல. நாலு வரியில நாலு வருஷ ஹாஸ்டல் சண்டையை முடிச்சு வச்சுட்டார் மனுஷன்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1980-கள்ல சில வருஷம் இளையராஜா 40 படங்களுக்கு மேல இசையமைச்சிருக்கார். படத்துக்கு அஞ்சுன்னு வச்சாலும் வருஷத்துக்கு 200 பாட்டு. அதுல நம்மாளு எத்தனை பாட்டை முணுமுணுப்பான்? முப்பது? நாப்பது? மிச்சம் 160 எங்கே? அந்தப் படங்களோட பேரே மறந்துபோச்சு. சல்லடையில நின்ன முப்பதை எடுத்துக்கிட்டு, இந்த வருஷம் வந்த மொத்தக் குவியலோட ஒப்பிட்டா, புதுசு தோக்கத்தானே செய்யும்?

ரெக்கார்டிங் சென்டர்ல துண்டுச் சீட்டு ஒரு சல்லடை. பஸ் டிரைவரோட கேசட் இன்னொரு சல்லடை. பயணிகள் முகம் சுளிச்சா மறுநாள் அந்தக் கேசட் ஓடாது. கோயில் கொடைக்கு ரேடியோ செட்டு கட்டுறவர் மூணாவது சல்லடை. விடிய விடிய போடணும், ஊர்ல பெருசு சிறுசு எல்லாரும் கேக்கணும், யாரும் கல்லெடுத்து எறியக் கூடாது! இத்தனை சல்லடையில நின்னு மேல வந்த பாட்டைத்தான் நாம 'எவர்கிரீன்'ங்கிறோம்.

அதே கதைதான் ராக்கும்!

நம்ம ஹெட்போன் ஜீவனுக்கு வருவோம். 1969-னா ராக் ரசிகர்களுக்குக் கோயில் வருஷம். ஆகஸ்ட்ல உட்ஸ்டாக் திருவிழா, செப்டம்பர்ல பீட்டில்ஸோட 'அபே ரோடு'. ஆனா அந்த வருஷம் அமெரிக்காவுல பில்போர்டு வருஷக் கடைசிப் பட்டியல்ல முதல் இடம் யாருக்குத் தெரியுமா? ஆர்ச்சீஸ் பாடுன 'சுகர் சுகர்'. யார் அந்த ஆர்ச்சீஸ்? ஒரு கார்ட்டூன் குரூப்! ஸ்டூடியோவுல யாரோ பாட, டி.வி.யில பொம்மைங்க வாயசைச்சுது. தங்க வருஷத்துலயும் ஊர் முழுக்க ஒலிச்சது மிட்டாய்ப் பாட்டுதான். சல்லடைதான் 'அபே ரோடை' நம்ம கையில கொடுத்திருக்கு.

இன்னொரு விஷயம், இடம். பழைய எல்.பி. ரெக்கார்டுல ஒரு பக்கத்துக்கு இருபத்திச் சொச்சம் நிமிஷம்தான் பிடிக்கும். ரெண்டு பக்கமும் சேர்த்து நாப்பது, நாப்பத்தஞ்சு. பிங்க் ஃப்ளாய்டோட 'டார்க் சைடு ஆஃப் தி மூன்' (1973) மொத்தமே 43 நிமிஷம். ஒரு நொடி வீண் கிடையாது. 1988 வரைக்கும் மொத்தம் 741 வாரம் பில்போர்டு ஆல்பம் பட்டியல்ல உக்காந்திருந்துச்சு.

அப்புறம் சி.டி. வந்துச்சு. 74 நிமிஷம்! வீடு பெருசானா வேண்டாத சாமானும் கூடுமில்லையா? அதே கதை. 1991 செப்டம்பர்ல கன்ஸ் அண்ட் ரோசஸ் ஒரே நாள்ல ரெண்டு ஆல்பம் விட்டாங்க. ஒவ்வொண்ணும் 75 நிமிஷத்துக்கு மேல. "ரெண்டையும் சலிச்சு ஒண்ணா விட்டிருந்தா காவியமா இருந்திருக்கும்"னு ரசிகர்கள் இன்னைக்கும் புலம்புறாங்க. அடுத்து வந்துச்சு சத்தப் போட்டி. யார் ஆல்பம் அதிகச் சத்தமா கேக்குதுன்னு ஒரு ஓட்டப்பந்தயம். 2008-ல மெட்டாலிகாவோட 'டெத் மேக்னடிக்' வந்தப்போ, ரசிகர்களே கண்டுபிடிச்சுட்டாங்க... அதே பாட்டு, 'கிட்டார் ஹீரோ'ங்கிற வீடியோ கேம்ல சி.டி.யை விடத் தெளிவா கேக்குது! பாட்டு கெட்டுப்போகல. அதை அழுத்திப் பிழிஞ்சு ஏத்துன விதம் கெட்டுப்போச்சு.

ஆக, ராக்ல நாம 'மோசமான காலம்'னு திட்டுறதுல ஒரு பங்கு, திறமை குறைஞ்சதால வந்தது இல்ல. "போதும்"னு சொல்ல இடமோ ஆளோ இல்லாததால வந்தது.

தீர்ப்பு மாறும் பாஸ்

சல்லடை உடனே வேலை செய்யாது. அதுதான் சிக்கல். லெட் செப்பலினோட முதல் ஆல்பம் 1969-ல வந்தப்போ 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை கிழி கிழின்னு கிழிச்சுது. அடுத்த வருஷம் பிளாக் சப்பாத்தோட முதல் ஆல்பத்துக்கும் அதே பூஜை. இன்னைக்கு ஹெவி மெட்டல்னு ஒரு ஜாதி இசையே அங்கிருந்துதான் கிளம்புச்சுங்கிறாங்க.

நம்ம ஊர்ல மட்டும் என்னவாம்? ரஹ்மான் வந்தப்போ, "சத்தம்தான் இருக்கு, வார்த்தையே கேக்கல"ன்னு சொல்லாத பெருசு உண்டா? 'ரோஜா'வை 2005-ல அமெரிக்காவோட 'டைம்' பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான பத்துச் சிறந்த திரைப்பட ஆல்பங்கள்ல ஒண்ணா வச்சது. அன்னைக்குத் திட்டுன மாமாக்கள்தான் இன்னைக்கு "ரஹ்மான் காலம் மாதிரி வருமா?"ங்கிறாங்க!

தமிழ்ல ஒரு பேண்ட் ஆல்பம் சொல்லுன்னா, நம்ம ஓட்டு 1979-ல வந்த 'நினைத்தாலே இனிக்கும்' படத்துக்குத்தான். கே.பாலசந்தர் படம். கமல், ரஜினி இருக்குற ஒரு இசைக்குழு சிங்கப்பூர் போற கதை. இளையராஜா அலை அடிச்சுக்கிட்டு இருந்த நேரம். "எம்.எஸ்.வி. காலம் முடிஞ்சுது"ன்னு பேச்சு. அந்த நேரத்துல கிட்டாரும் டிரம்ஸுமா எம்.எஸ்.விஸ்வநாதன் போட்ட பாட்டுங்க அது. முடிஞ்சுபோன காலமா அது? அதுல ஒரு பாட்டு 28 வருஷம் கழிச்சு, 2007-ல 'பொல்லாதவன்' படத்துல ரீமிக்ஸா வந்து மறுபடி ஆட வச்சுது.

ரீமிக்ஸுன்னதும் மூஞ்சி சுளிக்கறீங்களா? 2000-களோட நடுப்பகுதியைத் தமிழ்ப் பாட்டோட வறட்சிக் காலம்னு சொல்றவங்க நிறைய. எதுக்கெடுத்தாலும் ரீமிக்ஸ், எங்க பார்த்தாலும் குத்து. சரிதான். ஆனா அதே 2006-லதான் மலேசியாவுல இருந்து யோகி பி அண்ட் நட்சத்ராவோட 'வல்லவன்' ஆல்பம் வந்துச்சு. இன்னைக்குத் தமிழ்ல ராப் பாடுற பசங்களைக் கேட்டா அந்தப் பேரைத்தான் முதல்ல சொல்லுவாங்க. அடுத்த காலத்துக்கான விதை, மோசமான காலத்துலதான் மண்ணுக்குள்ள கிடந்திருக்கு!

காவடி தூக்குன ஆல்பம்

சரி, சல்லடையில ரொம்ப நாள் நின்ன பாட்டு எதுன்னு பார்க்கணுமா? திரும்பி சங்கரன்கோவில் வட்டாரத்துக்கே வாங்க. சென்னிகுளம்னு ஒரு ஊர். 19-ஆம் நூற்றாண்டுல அங்க பொறந்த அண்ணாமலை ரெட்டியார் ஒரு பாட்டுத் தொகுப்பு எழுதினார். பேரு 'காவடிச் சிந்து'. கழுகுமலை முருகன்தான் ஹீரோ. ஆதரிச்சவர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர்.

யோசிச்சுப் பாருங்க. ஒரே சாமி, ஒரே மலை, ஒரே பயணம். தோள்ல காவடியோட வேகவேகமா நடக்குறவன் கால் தாளத்துக்கு ஏத்த சந்தம். ராக்காரங்க பிற்காலத்துல 'கான்செப்ட் ஆல்பம்'னு பேரு வச்சதை, நம்மாளு கரிசல் காட்டுல அன்னைக்கே பண்ணிட்டார்! ராக் உலகத்துல ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜேனிஸ் ஜோப்ளின், ஜிம் மாரிசன், கர்ட் கோபைன்னு 27 வயசுலேயே போய்ச்சேர்ந்தவங்களைச் சொல்லிச் சொல்லி உருகுவாங்க. அண்ணாமலை ரெட்டியாரும் முப்பது வயசைத் தாண்டாம மறைஞ்சவர்தான். ஒரு போஸ்டர் கிடையாது, ஒரு டி-ஷர்ட் கிடையாது. ஆனா நூறு வருஷத்துக்கு மேலாச்சு, கச்சேரி மேடையிலயும் காவடி ஊர்வலத்துலயும் அவர் பாட்டு இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு.

அதைக் காப்பாத்துனது எல்.பி.யும் இல்ல, சி.டி.யும் இல்ல. அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுத்த வாய். அவ்வளவுதான்.

கடைசி ரெண்டு நிமிஷம்

அண்ணாச்சி கடையில நாம கேட்டதுலேயே மனசுல தைச்சது இதுதான். கேசட்டுல ஆறு பாட்டு பதிஞ்சு முடிச்ச பிறகும் ஒரு பக்கத்துல ரெண்டு, மூணு நிமிஷம் மிச்சம் இருக்குமாம். "அதைச் சும்மா விட்டா டேப்பு கரகரன்னு ஓடும் தம்பி. அதனால எனக்குப் பிடிச்சதை ஒரு பிட்டு போட்டு விடுவேன். ஒருநாளைக்கு வயலின் பிட்டு, ஒருநாளைக்கு நாதஸ்வரம். ஒரு காலேஜ் பையனுக்கு இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' பிட்டு போட்டுக் கொடுத்தேன். மறுநாள் ஓடியாந்து, 'அண்ணாச்சி, கடைசியில வருதே, அது என்ன? எனக்கு அது முழுசா வேணும்'னு நிக்கான்! சீட்டுல எழுதாத பாட்டு அது, பாத்துக்கிடுங்க."

1986-ல வந்த அந்த ஆல்பத்துல சினிமா இல்ல, ஹீரோ இல்ல, பாடகர் குரல் இல்ல. கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் கைகோத்து நடக்குற வாத்திய இசை. அந்தப் பையன் பேரு தெரிஞ்சு கேட்டு வாங்குற பாட்டே இல்ல. ஒரு மனுஷன் கையால அவன் காதுல போட்டது.

அப்புறம் எம்பி3 வந்துச்சு. ஒரு சி.டி.யில 150 பாட்டு. துண்டுச் சீட்டுக்கு வேலை இல்லாமப் போச்சு. அப்புறம் போன் வந்துச்சு, கணக்கில்லாத பாட்டு. "இப்ப யாரு தம்பி சீட்டு எழுதுதா? போனு ஒரு பாட்டு போடுது, முடிஞ்சதும் அதே மாதிரி இன்னொண்ணு போடுது. பிடிக்கலைன்னாத் தள்ளி விட்டுட்டுப் போயிடுதீய. பிடிச்சாலும் பேரு கேக்க மாட்டேங்கீய"ன்னார் அண்ணாச்சி. குறை சொல்ற குரல் இல்ல அது. பூட்டுன கடைக்காரரோட குரல்.

நல்ல பாட்டு இப்ப வரலையா என்ன? 2018 ஜனவரியில சென்னையில 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையா மேடை ஏறுனப்போ கானாவும் பறையும் ராக் கிட்டாரும் ராப்பும் ஒண்ணா நின்னுச்சு. சினிமாவே இல்லாம 2021-ல 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் சுத்துச்சு. இந்தத் தென்பக்கத்துக் கொடைகள்ல அடிக்கிற மகுடமும் உருமியும் எந்த ஹெவி மெட்டல் டிரம்ஸுக்கும் குறைஞ்சதில்ல. பாட்டு வந்துக்கிட்டேதான் இருக்கு. நிறுத்தி, சலிச்சு, "இது நிக்கும்"னு சொல்ற ஆளுதான் குறைஞ்சுக்கிட்டே வர்றார்.

அதனால ஹாஸ்டல் பஞ்சாயத்துக்கு வாசுதேவநல்லூர் தீர்ப்பு இதுதான் மக்கா: நல்ல பாட்டு வராத காலம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. சீட்டு எழுத ஆள் இல்லாத காலம்தான் மோசமான காலம்.

இன்னைக்கு ராத்திரி மெஸ் சாம்பார் சண்டை முடிஞ்சதும் ஒரு வேலை பண்ணுங்க. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு எடுங்க. உங்க அண்ணன் காலம் வேண்டாம், உங்க அப்பா காலம் வேண்டாம். நீங்க காலேஜ் சேர்ந்த பிறகு வந்த பாட்டு மட்டும். ஏ சைடு ஆறு, பி சைடு ஆறு. ஆல்பத்தை முழுசா கேட்டுட்டுத்தான் எழுதணும், முப்பது நொடி ரீல்ஸ் பார்த்து எழுதக் கூடாது! கடைசி ரெண்டு நிமிஷத்தை மட்டும் காலியா விட்டு, சீட்டைப் பக்கத்து ரூம் பிருங்கி கையில கொடுங்க. அதுல என்ன போடணும்னு அவன் முடிவு பண்ணட்டும்.

இன்னும் இருபது வருஷம் கழிச்சு எவனோ ஒரு ஜூனியர், "2020-கள் மாதிரி வருமா?"ன்னு பெருமூச்சு விடப்போறான். எந்தப் பன்னெண்டு பாட்டுக்காக விடணும்னு அந்தச் சீட்டுல எழுதி வைக்க வேண்டியது நீங்கதான். பேனா இருக்கா?